எழுந்தால் சம்மதம்

ஜவ்வாது மலையில் பிறந்தவள் நான். எங்கள் சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருக்கும். மலையை ஆண்டவர்கள் என்று அதற்கு அர்த்தம் சொல்லி எங்கள் ஊர் ஆண்கள் மீசையைத் தடவிக்கொள்வார்கள். திருவண்ணாமலைக்கு வேலைக்கு வந்த பிறகு அந்த அர்த்தம் எனக்கு ஒரு நாளும் உதவவில்லை. ஆசிரமம் பக்கம் வாடகைக்கு அறை கேட்டுப் போனேன். வீட்டுக்கார அம்மாள் என்ன ஆளுங்க என்று கேட்டார். மலையாளி என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கேரளாவா? அங்கத்து ஜனங்க ரொம்ப சுத்தம். எந்த ஊரு?"

"கேரளா இல்லைங்க. ஜமுனாமரத்தூர் தாண்டி, மலை மேல."

"அடடா, அந்த ரூமை நேத்தே ஒருத்தர் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு மறந்தே போச்சு பாருங்க."

மாடியில் நாடு நாடாக வந்து தங்குகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. எண்பது கிலோமீட்டரில் இருந்து வந்தவளுக்கு இல்லை. பிறகு வேங்கிக்காலில், நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் அரசாங்க வாகனங்கள் நிற்கும் இடம்தான் தெரியும்.

அந்த அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்தத்தில் கணினி ஆபரேட்டர் வேலை. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. எங்கள் அதிகாரி கோபப்படாத மனிதர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. என்னை "மலை ராணி" என்று கூப்பிடுவார். பழங்குடி மக்களை "நம்ம மக்கள்" என்பார். அந்த "நம்ம" இருக்கிறதே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது எரியும். ஆனால் அவர் முன்னால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

எங்கள் ஊருக்கு மேலே தேன்பாறை என்று ஒரு பாறை உண்டு. அதில் மலைத்தேனீ கூடு கட்டும். பாறைக்கு அடியில் வற்றாத சுனை. ஊருக்குள் வரும் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. சுற்றிலும் கடுக்காய் மரங்கள். தேன், தண்ணீர், கடுக்காய், ஆடு மேய்க்க இடம் எல்லாம் ஊருக்கு அங்கேதான். இன்றைக்கு நீங்கள் போனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு தேன்பாறையைப் பார்க்கலாம். கேட் போட்டிருக்கிறார்கள், பார்வைக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள், பத்துக் குடில்கள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு போனால் காவலாளி நேரம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

சுற்றுலாத் திட்டம் டெல்லியிலிருந்து வந்தது. சட்டமும் டெல்லியிலிருந்து வந்ததுதான். காட்டில் தலைமுறையாக இருக்கிற மக்களின் இடத்தில் எதைக் கட்டுவதானாலும், அந்தக் குக்கிராமத்தின் சபை கூடிச் சரி என்று சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் சபை என்றும் சொல்கிறது. சபையின் சம்மதத்தைப் பதிவேற்ற ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கட்டத்தில், "உங்கள் சபை முடிவெடுக்கும் வழக்கத்தை விவரிக்கவும்" என்று இருந்தது.

"மலை ராணி, இது உன் ஏரியா. நீயே எழுதிக் குடு," என்றார் அதிகாரி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை டெல்லி கேட்கிறது! மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் யாரும் கை தூக்குவதில்லை. கோயில் முன்னால் மண் தரையில் ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். எல்லோரும் பேசித் தீர்த்த பிறகு, யாராவது ஒருவர் முடிவை ஒரே வாக்கியமாகச் சொல்வார். அதற்குப் பெயர் கடைசிப் பேச்சு. சம்மதம் என்றால் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் முடிவாகவில்லை, மறுநாள் மறுபடி கூட வேண்டும். எல்லோரும் எழுந்துவிட்டால் முடிந்தது. எழுந்தவன் பேச்சு மாற முடியாது. மாறினால் அவன் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் போகமாட்டார்கள். நடுவில் ஒதுங்கப் போக வேண்டியவர், "கால்தான் எழுந்துது, நான் எழுந்துக்கல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுவார். சின்ன வயதில் அதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இதையெல்லாம் எழுதினேன். எழுதி முடித்ததும் என் பழைய கோபம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நான் விடுதிப் பள்ளியில் படித்த காலத்தில் மாதம் தவறாமல் சாமை முறுக்கு கட்டிக்கொண்டு வந்து பார்த்தவள். சித்தப்பா இறந்ததும் அவர் நிலம் யாருக்கு என்று ஊர் கூடியது. பெண்கள் கூட்டத்தில் உட்கார முடியாது. கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். நிலம் கொழுந்தன்மாருக்கு என்று கடைசிப் பேச்சு வந்தபோது சித்தி சுவருக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "அதுல நான் உழுதேன், நான் களை எடுத்தேன், எனக்கு ஒரு காணி இல்லியா?" யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். முதலில் எழுந்தவர் ஊர்க்கவுண்டர். அதாவது எங்கள் ஊரின் தலைவர், எனக்குப் பெரியப்பா முறை. அன்றிலிருந்து அவரும் சித்தியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதை நினைத்துக்கொண்டுதான் குறிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "பெண்கள் பேச்சு கணக்கில் வராது." டெல்லியில் யாராவது படிப்பார்கள், படித்து எங்கள் ஊர் ஆண்களின் காதைத் திருகுவார்கள் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகியும் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது என்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காந்தி ஜெயந்தியன்று எங்கள் ஊரில் சபை கூட்டினார்கள். இரண்டு ஜீப், ஒரு பேனர், மைக், ஒலிபெருக்கி, பிஸ்கட், டீ கேன். என்னையும் குறிப்பெடுக்க அழைத்துப் போனார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லோரிடமும் கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. ஆண்கள் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள். அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேண்ட் அழுக்காவதைப் பார்க்காமல் மண்ணிலேயே உட்கார்ந்தார். ஊருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மண் தரையில் உட்காருவதை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

குடில், கோபுரம், காவல் வேலை, சமையல் வேலை, தேனைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசினார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சு சொல்றோம்," என்றார்.

"தாராளமா யோசிங்க. ஆனா ஜாஸ்தி நாள் இல்ல. அப்போ தேன்பாறையில வேலை ஆரம்பிக்கிறோம்னு வெச்சுக்கலாங்களா?"

யாரும் எழவில்லை. ஒருவர்கூட அசையவில்லை. எனக்குள் அப்பாடா என்றிருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல் வந்தது. "பாறையத் தர முடியாது. அது எங்க தண்ணி. ஜீப்பை எடுத்துக்கினு கெளம்புங்க."

நான்கைந்து ஆண்கள் திரும்பி முறைத்தார்கள். பெரியப்பா தரையைப் பார்த்தார். அதிகாரி சிரித்தார். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். பிறகு ஒலிபெருக்கிக்காரருக்குக் கையைக் காட்டினார். தேசிய கீதம் ஒலித்தது.

எல்லோரும் எழுந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் முதலில் விறைப்பாக எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து வயதானவர்கள் எழுந்தார்கள். நானும் நோட்டை இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? பாட்டு முடிந்ததும் அதிகாரி கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஊர்க்காரர்கள் நின்றபடியே டீ குடித்தார்கள்.

இறங்கும் வழியில் ஒரு வளைவில் அவர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "ஊர் வழக்கத்தைப் பத்தி அந்த ரெண்டு பக்கம் நல்லா எழுதியிருந்தம்மா," என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாந்தி வருகிறது என்று சொல்லி ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். மலைக்காரிக்கே மலை ரோடு ஒத்துக்கவில்லையா என்று டிரைவர் கிண்டல் பண்ணினார்.

மறுநாள் தீர்மானத்தை நான்தான் டைப் செய்தேன். "ஊர் வழக்கப்படி அனைவரும் எழுந்து நின்று தங்கள் சம்மதத்தைத் தெரிவித்தனர்." இதை நான் மறைக்கப்போவதில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். பயந்துகொண்டே எழுத்துப்பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அன்று மாலை பெரியப்பாவுக்கு போன் செய்தேன்.

"பெரியப்பா, நீங்க எழுந்ததை சம்மதம்னு எழுதிட்டாங்க."

"எழுந்தோம்ல," என்றார்.

"அது பாட்டுக்கு எழுந்தது பெரியப்பா! சட்டத்துல அது செல்லாது. தீர்மானத்தை வாசிச்சுக் காட்டல, அதுல கையெழுத்து வாங்கல. கோர்ட்டுக்குப் போகலாம்."

"சட்டத்தை விடு. எழுந்தோமா, இல்லியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். ஏமாற்றப்பட்டவர்கள் ஏமாற்றியவனைத் திட்டாமல், தாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டோமோ என்று உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மூன்று நாள் ஊர் கூடியது. பாட்டு பேச்சாகுமா என்று ஒரு கட்சி. எதற்கு எழுந்தாலும் எழுந்தது எழுந்ததுதான் என்று இன்னொரு கட்சி. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் கால்தான் எழுகிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்று ஒருவர் அழுதாராம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அதிகாரியின் உருவ பொம்மையைக் கொளுத்தியிருப்பார்கள். எங்கள் ஊர் தன் மனசாட்சியைக் கொளுத்திக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள்தான் யாரோ கேட்டிருக்கிறார்கள். எழுந்தது சரி, எந்தப் பேச்சுக்கு எழுந்தோம்? கடைசிப் பேச்சு யாருடையது? எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பெரியப்பா மட்டும், "கீழ ஆபீஸுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார். எல்லோரும் எழுந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மனு நாளன்று வந்தார்கள். அன்று பௌர்ணமி. போளூர் பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடந்து, கிரிவலம் போக வந்த கூட்டத்துக்குள் புகுந்து, பத்து ஆண்கள் வியர்த்துப்போய் வேங்கிக்கால் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பத்தடி பின்னால் சித்தி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

அதிகாரி அவர்களை வரிசையில் நிற்க விடவில்லை. தன் அறைக்கே அழைத்து உட்கார வைத்து டீ சொன்னார். கோப்புகளை எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன். சித்தி கதவோரம் நின்றாள்.

"ஊர் வழக்கப்படி எல்லாரும் எழுந்தீங்க. நானும் உங்க கூடவே மண்ணுல உட்கார்ந்து எழுந்தேன். இப்போ வந்து மாத்திப் பேசலாங்களா, கவுண்டரே?" என்றார்.

"மாத்திப் பேச வரல. எழுந்தோம், நெசந்தான்," என்றார் பெரியப்பா. "ஆனா எங்க வழக்கத்துல கடைசிப் பேச்சுக்குத்தான் எழுவோம். கடைசிப் பேச்சு உங்களுது இல்ல."

"அப்படியா? வேற யாருது?"

பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பது பேரும் அவரவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். பாறை போனாலும் போகட்டும், வீம்பு போகக்கூடாது என்கிற மனிதர் அவர்.

திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் கதவுப் பக்கம் நீட்டினார். "அவளுது. பாறையத் தர முடியாதுன்னு அவ சொன்னா. அதுக்குத்தான் ஊரு எழுந்துச்சு. நீங்களும் எழுந்தீங்க."

அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சித்தியைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

அதிகாரி மேசை மேலிருந்த கோப்பைத் திறந்தார். அவசரமே இல்லாமல் இரண்டு தாள்களை உருவினார். என் எழுத்து. தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதிலிருந்து வாசித்தார். ஊர்க்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கடைசி வரிக்கு வந்தார்.

"பெண்கள் பேச்சு கணக்கில் வராது."

தாளைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதலைங்க. உங்க ஊர்ப் பொண்ணு எழுதுனது. டெல்லி வரைக்கும் போயிருக்கு. உங்க வழக்கத்தை மீற நான் யாருங்க? அந்தம்மா பேசுனது கணக்குல இல்லைன்னா, கடைசியாப் பேசுனது நான்தானே?"

"சார், சட்டத்துல பொம்பளைங்களும் சபைதான்!" என்று கத்தினேன். அந்த அறையில் அதற்கு முன் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. "பாட்டைப் போட்டு எழுப்பிவிட்டது நீங்க. நான் பார்த்தேன். எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்."

"சட்டப்படி பேசணுமா, வழக்கப்படி பேசணுமா? ரெண்டுல எதுன்னு முதல்ல நீங்க எல்லாரும் கூடி முடிவு பண்ணுங்கம்மா," என்றார் அவர். குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. "நீ நாளையிலேர்ந்து ஆபீஸுக்கு வர வேணாம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனுவை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் டீயைத் தொடாமல் பின்னால் போனார்கள்.

நான் வாசலுக்கு ஓடினேன். ரோடு முழுக்க கிரிவலத்துக்கு வந்த வேன்கள். ஆண்கள் ரோட்டைக் கடந்து போய்விட்டிருந்தார்கள். சித்தி மட்டும் கேட்டுக்கு வெளியே, புளியமரத்து நிழலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா எழுதுன?"

"ஆமா சித்தி. உனக்காகத்தான் எழுதுனேன். நிலத்து விஷயத்துல உனக்கு அவங்க பண்ண அநியாயம் வெளிய தெரியட்டும்னுதான். சத்தியமா சித்தி."

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னப் பத்தி எழுதுனியே, என்ன ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

இல்லை என்றேன். அந்த அதிகாரியாவது ஜீப் எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, கேட்பதுபோல நடித்தார்.